ஒரு விசைக்கு எத்தனை எஜமானர்கள்?

"ஏனுங்கண்ணா, பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள்!"

மஞ்சள் வரத்து மிகுந்த பங்குனியில், ஈரோட்டு மண்டி ஒன்றிலிருந்து வந்த அழைப்பு. வாசலில் மூட்டை வண்டிகள் நிற்கின்றன. கணக்கு மென்பொருளோ உள்ளே விட மறுக்கிறது. போய்ப் பார்த்தேன். யாரும் எதையும் மாற்றவில்லை. கணக்காளர் சற்றுமுன் வேர்டில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் கடிதம் அடித்திருக்கிறார். அந்தத் தமிழ் கணக்கு மென்பொருளுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. பாஸ்வேர்டு கட்டத்தில் எல்லாம் கரும்புள்ளிதானே? 'எச்' விசையில் 'க' விழுவது யார் கண்ணுக்குத் தெரியும்?

விண்டோஸ் 8 முதல் இதுதான் இயல்பு. ஒரு ஜன்னலில் மாற்றிய மொழி எல்லா ஜன்னலுக்கும் பொருந்தும். அதற்கு முன்பு ஜன்னலுக்கு ஜன்னல் தனி. பழையபடி வேண்டுமென்றால் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' பக்கத்தில், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற கட்டத்தில் ஒரு டிக் போதும். மண்டியில் ஐந்து நிமிட வேலை.

திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றில் பார்த்தது அவ்வளவு எளிதல்ல. அங்கே சம்பளப் பட்டியல் மென்பொருள் தனக்கென்று ஒரு தமிழ் விசைப்பலகையை உள்ளேயே வைத்திருந்தது. ஒலிப்பு முறை மட்டும்: ஆங்கில எழுத்தில் 'ammaa' என்று அடித்தால் 'அம்மா' விழும். பட்டியல் அடிக்கும் அம்மாவோ இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். இருபது ஆண்டு விரல் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. வடமாநிலத் தொழிலாளர் பெயர்களை இந்தியில் அடிக்க வழியே இல்லை. இத்தனைக்கும் விண்டோஸில் இந்தி விசைப்பலகை சும்மா கிடக்கிறது.

மென்பொருள் எழுதியவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசு தமிழ்99 முறையை அறிவித்தது 1999இல். விண்டோஸ் தன்னளவில் தமிழைத் தாங்கியது விண்டோஸ் 2000 வந்த பிறகு. அதற்கு முன் தமிழ் என்பது எழுத்துருவுக்குள் மட்டும் இருந்தது, எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு. மென்பொருளே விசைப்பலகையையும் சுமக்க வேண்டிய காலம் அது. காலம் போனது, சுமை இறங்கவில்லை.

எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை டெஸ்க்டாப்தான், அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையான தட்டச்சு முறை வேண்டுவோர் இ-கலப்பை போன்ற தமிழ் உள்ளீட்டுக் கருவியை ஒருமுறை நிறுவினால் வேர்டு, பிரவுசர் என்று எங்கும் அதே விரல் பழக்கம் செல்லும். மென்பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. பெயர்க் கட்டம் தமிழ், ஐஎஃப்எஸ்சி கட்டம் ஆங்கிலம் என்பது அதற்குத்தான் தெரியும். கட்டம் மாறும்போது மொழியை மாற்றும்படி டெஸ்க்டாப்பிடம் அது கேட்கலாம். கேட்பதோடு நிற்க வேண்டும். வேர்டு இதைச் செய்கிறது: கர்சர் தமிழ் வரிக்குள் போனால் விசைப்பலகையும் தமிழுக்குப் போகும். எனக்கே அது சில நேரம் எரிச்சல்; நல்லவேளையாக, நிறுத்திவைக்க வழி வைத்திருக்கிறார்கள்.

திருப்பூரில் உள்விசைப்பலகையை அணைத்து, டெஸ்க்டாப்பில் தட்டச்சு முறையையும் இந்தியையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த அம்மா அன்று மாலையே இரண்டு பக்கம் அடித்துவிட்டார். பழைய எழுத்துருவில் பதிந்த பெயர்களைத்தான் இன்னும் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மென்பொருள் தயாரித்தவரிடம் இந்தி இல்லாத குறையைச் சொன்னேன். அடுத்த பதிப்பில் சொந்தமாகவே ஒரு இந்தி விசைப்பலகை செய்து தருகிறேன் என்றார், பெருமையாக.