சறுக்கவைக்கும் சிறு சொற்கள்

கோடை வகுப்பின் இரண்டாம் நாள். ஒரு மாணவி தன் வாசிப்புத் தாளை என்னிடம் நீட்டினாள். பக்கம் முழுக்க மஞ்சள் மார்க்கர். ஒரு வரிகூட மிச்சமில்லை. "எது முக்கியம் என்று தெரியவில்லை, அதனால் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிட்டேன்" என்றாள். அவள் உழைப்பில் குறையே இல்லை. எதைத் தேடிப் படிப்பது என்று அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தையொட்டிப் பிறந்தது 'அப்வர்ட் பவுண்ட்' திட்டம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளையும், பெற்றோர் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக்குத் தயார்செய்வது அதன் நோக்கம். கோடையில் 6 வாரம் வகுப்பு நடக்கும். இத்தகைய வகுப்புகளில்தான் நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன்.

இவர்களுக்குச் சொல்வளம் போதாது என்று முடிவுகட்டிச் சொற்பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். மொழியியலாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலை நானும் பயன்படுத்துகிறேன். 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள், கொண்ட அருமையான பட்டியல் அது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்குடும்பங்களை, தெரிந்தவை என்று விட்டுவிட்டுத்தான் அது தொடங்குகிறது. என் மாணவர்கள் சறுக்குவதோ பெரும்பாலும் அந்தத் 'தெரிந்த' சொற்களில்! கடினமான சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறார்கள். 'ஹவெவர்' (ஆனால்), 'ஆல்தோ' (என்றாலும்), 'சஜஸ்ட்' (இருக்கலாம் என்று காட்டுவது), 'கிளெய்ம்' (என்று வாதிடுவது) வந்தால் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள்.

விளைவைப் பாருங்கள். கட்டுரையாளர் முதல் பத்தியில் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்கிறார். அடுத்த பத்தியை 'ஹவெவர்' என்று தொடங்கி அதை மறுக்கிறார். வகுப்பில் பலர் முதல் பத்தியையே அவருடைய கருத்தாக எழுதித் தருகிறார்கள். ஆய்வு ஒன்றைப் பற்றி 'சஜஸ்ட்' என்று அவர் அடக்கமாகச் சொன்னால், 'நிரூபித்துவிட்டது' என்று சுருக்கம் எழுதுகிறார்கள். மற்றபடி அவர்களின் இலக்கணப் பிழைகள் எனக்குப் பெரிய கவலை தருவதில்லை. அவற்றைத் திருத்த நாளிருக்கிறது.

இப்போதெல்லாம் முதல் வாரமே மார்க்கர்களை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுக்கிறேன். பேச்சு திசைமாறும் சொல்லைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் 'இதைச் சொல்வது யார்?' என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். வீட்டு மொழியில் எழுதினாலும் சரி. நான்கு பக்கக் கட்டுரைக்கு மூன்று நாள் ஆகிறது. 'பாடத்திட்டம் முடியாதே' என்று சக ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். முடியாவிட்டால் போகட்டும் என்பேன். கல்லூரியில் வாரந்தோறும் நூறு பக்கம் வந்து விழும்போது, பக்கத்தில் உட்கார்ந்து 'இங்கே நில்' என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

நான்காம் வாரம் அதே மாணவி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு வட்டம். அதன்மேல் விரலை வைத்து, "இதுவரை பேசியது வேறு யாரோ. இங்கேதான் இவர் வாய் திறக்கிறார்" என்றாள்.