மூன்றாவது கியரில் முதுகைத் தள்ளும் விசை

வேகத்துக்கென்று உருவாக்கப்பட்ட டீசல் ஹேட்ச்பேக் கார் ஒன்றை மூன்றாவது கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக அழுத்தினால், முதல் ஒரு நொடிக்குப் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அதன் பிறகு, யாரோ பின்னாலிருந்து இருக்கையோடு சேர்த்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்கிறது. அந்தப் பாய்ச்சலும் நெடுநேரம் நீடிப்பதில்லை; என்ஜினின் சுழற்சி நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளை நெருங்கும்போது, ஓடிக் களைத்தவன் மூச்சு வாங்குவதுபோல் வேகம் கூடுவது தளர்ந்துவிடுகிறது. நம் ஓட்டுநர்கள் இழுவை என்றும் பிக்கப் என்றும் சொல்வது நடுவில் வரும் அந்தப் பாய்ச்சலைத்தான். முன்னால் வரும் தாமதமும் பின்னால் வரும் தளர்ச்சியும் அதனிடமிருந்து பிரிக்க முடியாதவை என்பது, டீசல் என்ஜின் எரிபொருளை எரிக்கும் முறையைப் பார்த்தால் விளங்கும்.

எண்களோடு பேசுவதற்கு வசதியான வண்டி, ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013ஆம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த போலோ ஜிடி டிடிஐ. அதன் 1.6 லிட்டர் டீசல் என்ஜினின் உச்சத் திறன் 4,400 சுற்றுகளில் 105 குதிரைத்திறன்; உச்ச முறுக்குவிசை 1,500 முதல் 2,500 சுற்றுகள் வரை 250 நியூட்டன் மீட்டர். இதே போலோ, டர்போ இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜினோடும் முன்பு இந்தியாவில் விற்கப்பட்டது. அதன் உச்சத் திறனும் 105 குதிரைத்திறன்தான். ஆனால் அது 5,250 சுற்றுகளில் கிடைத்தது, முறுக்குவிசையோ 3,800 சுற்றுகளில் 153 நியூட்டன் மீட்டர். உடல் ஒன்று, கொள்ளளவு ஒன்று, விளம்பரத் தாளில் அச்சாகும் குதிரைத்திறனும் ஒன்று. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தவர் எவரும் இவை ஒரே திறனுடைய வண்டிகள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

முறுக்குவிசை என்பது என்ஜினின் தண்டைத் திருகும் விசை. திறன் என்பது அந்தத் திருகலைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவது. போலோ டீசல் 2,000 சுற்றுகளில் 250 நியூட்டன் மீட்டரைத் தருகிறது என்றால், அந்தக் கணத்தில் அதன் திறன் ஏறத்தாழ 71 குதிரைத்திறன். பெட்ரோல் என்ஜின் தன் உச்ச முறுக்குவிசையையே 2,000 சுற்றுகளில் தந்துவிடுவதாகப் பெருந்தன்மையோடு வைத்துக்கொண்டாலும், அதன் திறன் 44 குதிரைத்திறனைத் தாண்டாது. நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் நாம் பெரும்பாலும் என்ஜினை 1,500 முதல் 3,000 சுற்றுகளுக்குள்தான் வைத்திருக்கிறோம். ஆகவே விளம்பரத் தாளின் 105 என்ற எண் ஓட்டுபவரின் அன்றாட அனுபவத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. மறுபுறம், 4,400 சுற்றுகளில் டீசலின் முறுக்குவிசை ஏறத்தாழ 168 நியூட்டன் மீட்டராகச் சரிந்திருக்கும் என்பதும் இதே கணக்கிலிருந்து கிடைக்கிறது. பாய்ச்சலுக்குப் பின் உடலில் உணரும் தளர்ச்சி இதுதான்.

டீசலின் திருகுவிசைக்குக் காரணம் பிஸ்டன் நெடுந்தொலைவு ஏறி இறங்குவதுதான் என்று பலர் சொல்வதுண்டு. இந்த என்ஜினில் உருளையின் விட்டம் 79.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தொலைவு 80.5 மில்லிமீட்டர், இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் அந்த விளக்கம் இங்கே செல்லாது. உண்மையான காரணம் உருளைக்குள் நிலவும் அழுத்தம். பெட்ரோல் என்ஜின் காற்றையும் எரிபொருளையும் கலந்து உள்ளிழுத்து, அழுத்தி, தீப்பொறியால் எரிக்கிறது. அந்தக் கலவையை அளவுக்கு மீறி அழுத்தினால், பொறி பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை தானே வெடித்து, உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோன்ற ஒலியெழுப்பிப் பிஸ்டனைச் சேதப்படுத்தும். பெட்ரோல் என்ஜினை வடிவமைப்பவரின் கையைக் கட்டிப்போடுவது இந்த நாக்கிங்தான். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய என்ஜின் வெறும் காற்றை மட்டுமே அழுத்துகிறது. எரிபொருளே இல்லாத காற்று காலத்துக்கு முந்தி வெடிக்க வழியில்லை. தன் கொள்ளளவில் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்துக்குள் அழுத்தப்பட்ட அந்தக் காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியஸுக்கு மேல் உயரும்போது டீசல் அதற்குள் பீய்ச்சப்படுகிறது. பொறி எதுவுமின்றித் தானே பற்றிக்கொள்கிறது.

நாக்கிங் என்ற தடை நீங்கியதால், டீசல் என்ஜினுக்குள் காற்றை எவ்வளவு திணிக்கலாம் என்பதற்கு எல்லையாக நிற்பது உலோகத்தின் வலிமையும் வெப்பம் தாங்கும் தன்மையும்தான். திணிக்கும் வேலையைச் செய்வது டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி, புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புகிறது. காற்று கூடினால் எரிக்கத்தக்க டீசலும் கூடும், எரிப்பு கூடினால் பிஸ்டனை அமுக்கும் அழுத்தம் கூடும், முறுக்குவிசை பிறக்கிறது.

ஆனால் இதில் ஒரு சுழல் இருக்கிறது. டர்போ வேகமாகச் சுழல நிறையப் புகைவாயு வேண்டும். நிறையப் புகைவாயு வர நிறைய எரிபொருள் எரிய வேண்டும். நிறைய எரிபொருளை எரிக்க டர்போ தரும் காற்று வேண்டும். கோழியா முட்டையா என்ற இந்தப் புதிரை என்ஜின் அவிழ்த்துக்கொள்ள எடுக்கும் நேரமே, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் நாம் காத்திருக்கும் அந்த ஒரு நொடி. சக்கரத்தைச் சிறிதாக்கினால் அது விரைவில் விழித்துக்கொள்ளும், ஆனால் உயர்ந்த சுழற்சியில் திணறும். பெரிதாக்கினால் மேலே நன்றாக மூச்சுவிடும், கீழே தூங்கும். இதற்குக் கண்ட நடுவழிதான் வாயு சக்கரத்தின் மீது மோதும் வாயிலைச் சுற்றி அடுக்கப்பட்ட, திரும்பக்கூடிய இதழ்கள். குறைந்த சுழற்சியில் அவை நெருங்கி வழியைக் குறுக்குகின்றன. தோட்டத்துக் குழாயின் நுனியை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவதைப்போல, குறைவாக வரும் வாயுவும் விசையோடு சக்கரத்தைத் தாக்குகிறது. சுழற்சி கூடும்போது இதழ்கள் விரிந்து வழிவிடுகின்றன. 1,500 சுற்றுகளிலேயே 250 நியூட்டன் மீட்டர் கிடைப்பது இந்த இதழ்களால்தான் என்றாலும், சோதனைக்கூடத்தில் நிலையாக ஓடும் என்ஜினின் 1,500 வேறு, சாலையில் திடீரென்று அழுத்தும்போது இருக்கும் 1,500 வேறு. நடைமுறையில் 1,800க்கு மேல்தான் வண்டி உயிர்பெறுகிறது.

மேல் எல்லை ஏன் இவ்வளவு தாழ்வு என்ற கேள்விக்கு விடை, நேரம். பெட்ரோல் என்ஜினில் கலவை முன்பே தயாராக இருக்கிறது. டீசலிலோ பீய்ச்சப்பட்ட துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, பற்றி, எரிந்து முடிவது முழுவதும் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் நடந்தாக வேண்டும். 2,000 சுற்றுகளில் அந்த இறக்கத்துக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் 15 பங்கு நேரம் இருக்கிறது. 4,400 சுற்றுகளில் ஏழு பங்குகூட இல்லை. அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பிஸ்டனும் அதன் தண்டும் கனமாக இருப்பது இன்னொரு தடை. இந்த நேர நெருக்கடியைப் பெருமளவு தளர்த்தியது, 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதன்முதலாகப் பயணிகள் காருக்கு வந்த காமன் ரெயில் முறை. எல்லா உருளைகளுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலைக் கடும் அழுத்தத்தில் தேக்கி வைத்து, மின்கட்டளையால் திறக்கும் இன்ஜெக்டர்கள் வழியே பனித்தூவல்போல் பீய்ச்சுவது அதன் உத்தி. இன்று 1,600 பாரும் அதற்கு மேலும் சாதாரணமாகிவிட்டன. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,600 மடங்கு. முதலில் ஒரு சிறு துளியை அனுப்பி எரிப்பை மெல்லத் தொடங்கிவிட்டுப் பிறகு பெரும்பகுதியை அனுப்ப முடிவதால், பழைய டீசல் வண்டிகளின் கடகடப்பும் அடங்கியது.

ஆகவே இத்தகைய வண்டியை வேகமாக ஓட்டும் கலை, ஏறத்தாழ 1,800 முதல் 3,500 வரையிலான குறுகிய பட்டையை விட்டு என்ஜின் வெளியேறாமல் பார்த்துக்கொள்வதில் அடங்கியிருக்கிறது. பெட்ரோல் வண்டிக்குப் பழகியவர்கள் சுழற்சியைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை கியரை மாற்றாமல் இழுப்பார்கள். டீசலில் அது வெறும் சத்தம். 3,500ஐத் தாண்டியதும் அடுத்த கியருக்குப் போய்விட்டால் முள் மீண்டும் பட்டையின் நடுவில் வந்து விழும். டீசலுக்கு நீண்ட கியர் விகிதங்கள் தரப்படுவதால் சக்கரத்தில் கிடைக்கும் விசையில் அதன் மேன்மை, என்ஜின் அளவில் தெரிவதைவிடக் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் லாரியை முந்துவதற்குக் கியரைக் குறைக்க வேண்டியதில்லை, அழுத்தினால் போதும் என்ற சௌகரியம் எந்த அட்டவணையிலும் வருவதில்லை.

மலைப்பாதையில் இதன் இரு முகங்களும் தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஒரு வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்து, எதிரே பேருந்து வருவதைக் கண்டு வேகத்தை மிகவும் குறைத்துவிட்டால், முள் 1,200க்குக் கீழே போய் டர்போ முழுவதுமாகத் தூங்கிவிடும். அப்போது எவ்வளவு அழுத்தினாலும் வண்டி உறுமுமே தவிர ஏறாது. கௌரவம் பார்க்காமல் முதல் கியருக்கு இறங்குவதுதான் ஒரே வழி. மாறாக, உயரம் கூடும்போது டீசல் தன் அருமையைக் காட்டுகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத என்ஜின் அதற்கேற்பத் தன் திறனில் கால் பங்கை இழக்கும்போது, டர்போ இன்னும் சற்று வேகமாகச் சுழன்று அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது.

வளைவுகளில் திரும்பும் நயத்தில் மட்டும் டீசல் பின்தங்கும். கனமான என்ஜின் முன்சக்கரங்களுக்கு மேலே அமர்ந்திருப்பதால், வளைவுக்குள் விரைந்து நுழையும்போது மூக்கு வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். அந்தச் சக்கரங்களே இழுக்கவும் வேண்டியிருப்பதால், ஈரச் சாலையில் அவசரப்பட்டால் அவை வழுக்கிச் சுழலும். ஆயினும் டீசல் பந்தயத்துக்கு ஆகாது என்ற பேச்சு 1998லேயே பொய்த்துவிட்டது. அந்த ஆண்டு நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது பிஎம்டபிள்யூ 320டி. 2006இல் பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஆடி ஆர்10 டிடிஐ வென்றது.

இவ்வளவு இருந்தும் டீசல் ஹேட்ச்பேக்குகள் ஏறக்குறைய மறைந்துபோனதற்கும் அதே எரிப்புமுறைதான் காரணம். துளிகளைச் சுற்றிக் காற்று போதாத இடத்தில் கரித்துகள் உருவாகிறது. காற்று மிகுந்து வெப்பமும் மிகுந்த இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. வெப்பத்தைத் தணிக்கப் புகைவாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பினால் ஆக்சைடுகள் குறையும், கரி கூடும். இந்த இழுபறியை நேர்மையாகத் தீர்ப்பதற்குச் செலவாகும். புகைச் சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் பயன்படுத்தியது 2015இல் வெளிப்பட்டபோது, இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்நிறுவனம் அறிவித்தது. சிக்கிய ஈஏ 189 என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நாம் இதுவரை வியந்த 1.6 லிட்டர் என்ஜினும். 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் வந்தபோது, கரியைப் பிடிக்கும் வடிகட்டி முதலானவற்றைச் சிறு காரில் பொருத்தி விற்பது கட்டுப்படியாகாது என்று மாருதியும் ஃபோக்ஸ்வாகனும் இந்தியாவில் டீசலையே கைவிட்டன. ஹேட்ச்பேக்குகளில் டாடா ஆல்ட்ராஸ், ஹூண்டாய் ஐ20 போன்ற சிலவே தொடர்ந்தன; ஐ20யும் பின்னர் நிறுத்திக்கொண்டது. டர்போ பொருத்திய சிறு பெட்ரோல் என்ஜின்களும் இதற்குள் 1,500 சுற்றுகளிலிருந்தே இழுக்கக் கற்றுக்கொண்டிருந்தன.

வடிகட்டியுள்ள டீசல் வண்டியை வைத்திருப்பவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. அதில் சேரும் கரியை எரித்துச் சாம்பலாக்க ஏறத்தாழ 600 பாகை வெப்பம் தேவை. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்கு அது கிடைப்பதில்லை. பாதியில் அணைக்கப்படும் ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. வடிகட்டி இல்லாத பழைய வண்டிகளிலும் எப்போதும் மென்மையாகவே ஓட்டினால் டர்போவின் இதழ்களில் கரி படிந்து அவை இறுகிவிடும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நன்றாக இழுத்து ஓட்டுவது ஆடம்பரம் அன்று, பராமரிப்பு. அப்படி ஓட்டிய பிறகு உடனே சாவியைத் திருப்பி நிறுத்திவிடாமல் ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளைத் தொடக்கூடிய டர்போவின் தண்டைக் குளிர்விப்பது ஓடும் ஆயில்தான், நின்றுபோன ஆயில் அங்கேயே கருகும்.

பழைய ஜிடி டிடிஐ ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் மூன்றாவது கியரில் 1,500 சுற்றுகளிலிருந்து முழுவதுமாக அழுத்திப் பார்க்க வேண்டும். இழுவை 2,500க்கு மேல்தான் வருகிறதென்றால் இதழ்களோ, காற்றுக் குழாயின் இணைப்போ பழுது. கண்ணாடியில் கரும்புகை திரண்டு தெரிந்தால் இன்ஜெக்டர்களை ஐயுற வேண்டும். சுழற்சி ஏறியும் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கணினி நிரலை மாற்றி முறுக்குவிசையைக் கூட்டிய வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். கடைசியாக, வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பும்போது செவிகொடுக்க வேண்டும். டீசலின் ஒவ்வொரு எரிப்பும் தரும் உதைப்பை விழுங்குவதற்காக, நடுவில் சுருள்வில்கள் வைத்த இரட்டை ஃப்ளைவீல், அதாவது என்ஜின் தண்டின் முனையிலுள்ள கனமான சக்கரம், இவ்வகைக் கார்கள் பலவற்றில் இருக்கிறது. என்ஜின் அடங்கும் அந்தக் கணத்தில் அடியிலிருந்து உலோகம் மோதும் ஒலி கேட்டால், அதற்கும் அதோடு மாற்ற வேண்டிய கிளட்சுக்கும் ஆகும் தொகையைக் கழித்துக்கொண்டே விலை பேச வேண்டும்.