சிவப்பில் திரும்பும் வண்டி: ஓட்டுநர் எந்தப் பக்கம் பார்க்கிறார்?

அமெரிக்காவில் சிவப்பு விளக்கு எரியும்போதே வலதுபக்கம் திரும்பலாம். வண்டியை முழுதாக நிறுத்தி, குறுக்கே வருகிறவர்களுக்கு வழிவிட்டுத் திரும்ப வேண்டும்; தடைப் பலகை இருந்தால் அதுவும் கிடையாது. கலிபோர்னியா போன்ற மேற்கு மாநிலங்களில் வெகுகாலமாக இருந்த இந்த வழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பியது பெட்ரோல் கவலை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், ஆளில்லாத சிக்னலில் எஞ்சின் சும்மா ஓடுவதுகூட உறுத்தியது. எரிபொருள் சேமிப்புக்கான மத்திய நிதி வேண்டுமென்றால் மாநிலங்கள் இதை அனுமதிக்க வேண்டும் என்றது 1975ஆம் ஆண்டுச் சட்டம். கடைசியாக மாசசூசெட்ஸும் 1980இல் வழிக்கு வந்தது. நியூயார்க் நகரம் மட்டும் மசியவில்லை. அங்கே அனுமதிப் பலகை இருந்தால்தான் திரும்பலாம்.

சிக்கல் ஓட்டுநரின் கழுத்தில் இருக்கிறது. வலதுபக்கம் திரும்புகிறவருக்கு ஆபத்தான வண்டிகள் இடப்புறமிருந்து வருகின்றன. அவற்றுக்கிடையே இடைவெளி தேடி அவர் இடப்புறமே பார்த்துக்கொண்டிருப்பார். வண்டியும் அங்குலம் அங்குலமாக நகர்ந்து நடப்பவர்கள் கடக்கும் வரிக்கோடுகள் மேல் ஏறி நிற்கும். அவருக்குச் சிவப்பு என்பதால் முன்னால் கடக்கிறவர்களுக்குப் பச்சை. அவர்களில் பாதிப்பேர் வலப்புற நடைபாதையிலிருந்து இறங்குகிறார்கள், அதாவது அவர் பார்க்காத பக்கத்திலிருந்து. இடைவெளி கிடைத்ததும் கால் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுகிறது, தலை அதற்கப்புறம்தான் திரும்புகிறது. விதி பரவிய பிறகு, திரும்பும் வண்டிகள் நடப்பவர்கள் மீதும் சைக்கிள்காரர்கள் மீதும் மோதுவது கூடியதை 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வுகள் காட்டின.

நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடதுபக்கம் ஓடுவதால் இதெல்லாம் அப்படியே இடவலமாக மாறும்: திரும்புவது இடப்புறம், பார்ப்பது வலப்புறம், ஆள் இறங்குவது இடப்புறம். ஆனால் இந்தியாவில் பொது அனுமதி கிடையாது. 'ஃப்ரீ லெஃப்ட்' என்று பலகையோ பச்சை அம்புக்குறியோ இருந்தால்தான் சிவப்பில் இடதுபக்கம் திரும்பலாம். நேராகப் போக ஓரத்தில் நிற்பவரைப் பின்னாலிருந்து ஹாரன் அடித்து விரட்டுகிறவர்களுக்கு இது தெரியுமா என்பது வேறு கதை.

ஃப்ரீ லெஃப்டுக்காகப் போக்குவரத்துத் தீவு போட்டு மூலையை மழுங்க வெட்டிய இடங்களில் இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. திரும்பும்போது உடம்பைப் பக்கவாட்டில் தள்ளுவதுபோல் உணர்கிறோமே, அந்த முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 5 மீட்டர் ஆரமுள்ள மூலையில் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டரில் உறைக்கிற தள்ளல், மழுங்க வெட்டிய 20 மீட்டர் ஆரத்தில் சுமார் 26 கிலோமீட்டரில்தான் உறைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. ஓட்டுநருக்கோ மெதுவாகத் திரும்புவதாகவே தோன்றும்.

நடப்பவர்களுக்குச் சில விநாடி முன்னதாகவே பச்சை கொடுக்கும் ஏற்பாடு இப்போது பல நகரங்களில் உண்டு. வண்டிகள் கிளம்புமுன் அவர்கள் சாலையின் நடுவை எட்டி, ஓட்டுநர் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. அந்தச் சில விநாடிகள் முழுக்க வண்டிகளுக்குச் சிவப்புதான். சிவப்பிலும் திரும்பலாம் என்ற விதி அதே மூலையில் இருந்தால் கணக்கு பலிக்காது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதை நீக்கியாக வேண்டும்.