எந்த வரியில் நின்றீர்கள்?

புதுச்சேரி காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வு மாணவியாக எனக்கு இது நான்காம் ஆண்டு. வாரத்தில் இரண்டு மதியம் முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். கடலூர், பண்ருட்டிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் அதில் பலர். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள், இரண்டாம் மாதமே "எனக்கு மூளை போதாது அக்கா" என்கிறார்கள். மூளைக்கு ஒரு குறையும் இல்லை. புரியாததை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் அவர்களை வீழ்த்துகிறது.

1 + 1/2 + 1/3 + 1/4 என்று நீளும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போவதால் கூட்டுத்தொகை எங்காவது அடங்கிவிடும் என்றே தோன்றும். 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனால் அது அடங்காது. 1/3-உம் 1/4-உம் சேர்ந்தால் அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தால் மறுபடியும் அரைக்கு மேல். அடுத்த எட்டு உறுப்புகளும் அப்படியே. அரை அரையாக முடிவின்றிக் கூடுவது எந்த எல்லைக்குள் நிற்கும்? 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் கண்ட வழி இது, என்ன அழகு! மாணவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். "ஏன் இரண்டு, நான்கு, எட்டு என்று கட்டுகிறோம்?" என்று கேட்டால் வகுப்பே தலைகுனிகிறது. அந்த மௌனம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நானும் அப்படி இருந்தவள்தான். இரண்டாம் ஆண்டில் பெரிய தேற்றத்துக்குப் படியாக உதவும் ஒரு துணைத்தேற்றத்தில் எட்டு மாதம் சிக்கிக்கொண்டேன். அடுத்த வாரம் முடித்துவிடலாம் என்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைப் பார்க்காமலே நாளைத் தள்ளினேன். தூக்கம் கெட்டது. ஊருக்குப் போவதையும் நிறுத்தினேன். கடைசியில் காட்டியபோது, பத்தே நிமிடத்தில் அவர் ஓர் எதிர்எடுத்துக்காட்டு எழுதினார். நான் நிறுவ முயன்ற கூற்றே தவறு.

பெரிய கணிதவியலாளர்களும் தனியே சிக்குவதுண்டு. முந்நூறு ஆண்டுக்கு மேல் யாரும் நிறுவ முடியாமல் கிடந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்காக ஆண்ட்ரூ வைல்ஸ் ஏறக்குறைய ஏழாண்டு ரகசியமாக உழைத்தார். 1993-இல் அறிவித்த நிறுவலில் ஓட்டை தெரிந்ததும், தம் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்தார். 1994 செப்டம்பரில் அது அடைபட்டது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஒரு மாதம் முழுக்க உங்கள் மகள் எதுவும் எழுதி முடிக்கவில்லை என்றால், அவள் சும்மா இருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது பயிற்சித் தாளில் விடை வராவிட்டாலும் எந்த வரியில் நின்றீர்கள் என்று எழுதச் சொல்கிறேன். போன வாரம் ஒரு தாளில், "முதல் வரியிலேயே அக்கா, 'ஏதேனும் ஓர் எப்சிலான்' என்றால் அதை யார் தேர்ந்தெடுப்பது?" என்றிருந்தது. எப்சிலான் என்பது எவ்வளவு சிறிதாகவும் இருக்கக்கூடிய ஒரு நேர்ம எண்ணுக்குக் கணிதத்தில் வைக்கும் பெயர். அன்றைய வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன்.