வாய்வுன்னு பருப்பை விட்ட ஆச்சி

பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முழங்கால் வலி என்று என்னிடம் வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் நிறைய. சம்மணம் போட்டு, மடியில் சுளகை வைத்தால் இலை தீரும்வரை அதே இருப்புதான். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஆச்சிக்கு வயது அறுபதுக்கு மேல். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, படி இறங்கினால் சுள்ளென்று இழுக்கிறது. எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். சென்னையிலிருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய புரோபயாடிக் மாத்திரை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவை உயிரோடு அடைத்தது.

"வயித்துல நல்ல பூச்சி வளந்தா மூட்டுவலி போயிருமாம்லா. திங்கட்டுமா தாயி?"

இப்போது என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டேன்.

"எல்லாம் வாய்வும்மா. பருப்ப விட்டாச்சு, மொச்சைய விட்டாச்சு. வாழைக்காய தொடுததே இல்ல. பழையதும் மோரும் குளிர்ச்சின்னு நிறுத்திட்டேன்."

மிஞ்சியது வெள்ளைச் சோறு, ரசம், காலையில் டீயும் ரஸ்க்கும். கூடவே, கடையில் பெயர்கூடத் தெரியாமல் வாங்கும் வலி மாத்திரை, தினம் இரண்டு, வெறும் வயிற்றில். நல்ல பூச்சிக்கு இரையாக வேண்டியதையெல்லாம் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, பூச்சியை மட்டும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

பருப்பு தின்றால் வயிற்றில் காற்று சேர்வது உண்மைதான். நமக்குச் செரிக்காத நாரையும் மாவுச்சத்தையும் பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வைக்கும்போது வருகிற காற்று அது. மூட்டுக்குள் போய் உட்காருவதில்லை. அதே புளிப்பில்தான் பியூட்டிரேட் போன்ற அமிலங்களும் உண்டாகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. அந்தச் சுவர் நலிந்தால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடம்பு முழுக்க லேசான அழற்சியைக் கிளப்பி, மூட்டு வலியையும் கூட்டலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு.

ஆதாரம் எவ்வளவு? நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1,400க்கும் மேற்பட்டோரின் மலத்தைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகைகள் அதிகமிருந்தவர்களுக்கு முழங்கால் வலியும் அதிகமிருந்தது. எது எதைக் கொண்டுவந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சீனாவில் 537 பேருக்கு ஆறு மாதம் 'லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா' என்ற பாக்டீரியா வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்ததாக 2017இல் எழுதினார்கள். யாகுல்ட் என்ற புளித்த பால் பானக் குப்பியில் இருப்பது இந்த வகைதான் (சர்க்கரையும் இருக்கிறது, நீரிழிவுக்காரர்கள் கவனிக்க). ஒரு வகைக்குக் கிடைத்த பலனை எல்லா டப்பாவுக்கும் ஒட்டிவிடக் கூடாது. நம் வீட்டுத் தயிருக்கும் அப்படித்தான். மோர் நல்லது என்பேன், மூட்டுக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன். இட்லி மாவும் புளித்ததுதானே என்பார்கள். ஆவியில் வெந்ததும் அதிலுள்ள பாக்டீரியா செத்துப்போகும். பழைய சோற்றைத் திரும்பச் சூடாக்காமல் சாப்பிடுவதால் அதில் உயிரோடு இருக்கும். சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆச்சியிடம் டப்பாவை ஓரமாக வைக்கச் சொன்னேன். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் அதற்கு முதலில் டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். பாசிப்பருப்பை வாரம் மூன்று நாள் கொஞ்சமாகத் தொடங்கச் சொன்னேன். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பி, "பாத்தியளா, வாய்வு" என்று மறுபடி நிறுத்திவிடுவார். வாழைத்தண்டு, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கீரை, மதியம் உப்பு குறைத்த மோர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுத்தான் பருப்பையும் கீரையையும் கூட்ட வேண்டும்.

மூட்டுக்கு நிச்சயமான பலன் தொடைத் தசையில் இருக்கிறது. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து தடவை, முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது பத்து தடவை, காலையும் மாலையும். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. சுளகை நாற்காலியில் உட்கார்ந்தும் மடியில் வைக்கலாம். அரை மணிக்கொருதரம் எழுந்து அடுப்படி வரை நடந்து வந்தால் போதும்.

டப்பா வேண்டுமென்றால் வாங்குங்கள். கீமோதெரபி போன்ற, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மூட்டு திடீரென வீங்கிச் சுட்டாலோ காய்ச்சலும் சேர்ந்தாலோ அது வெறும் தேய்மானமாக இல்லாமலும் இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.