ட்ரியாஜ்: வந்த வரிசையும் நோய் வரிசையும்

கொரோனாக் காலம், 2021 ஓகஸ்ட் கடைசி. அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை, இருமலும் சேர்ந்துகொண்டது. இலங்கையின் வடக்கே, வன்னியில் எங்களுக்குக் கிட்ட இருந்த ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தலையிலிருந்து கால் வரை மூடிக்கட்டிய ஒரு மிஸி, அதாவது தாதி. அம்மாவின் விரலில் ஒட்சிசன் பார்க்கிற சின்னக் கருவியை மாட்டினார். 96 காட்டியது. எத்தனை நாள் காய்ச்சல், மூச்சு வாங்குதா, சீனி வருத்தம் இருக்கா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்கோம்மா" என்று வாங்கைக் காட்டினார்.

எங்களுக்குப் பிறகு வந்த மூன்று பேர் எங்களுக்கு முன்னே உள்ளே போனார்கள். பக்கத்தில் நின்ற ஒரு ஐயா பொறுமை இழந்து சத்தம் போட்டார்: "ஆள் பார்த்துத்தானே விடுறியள்?" வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நானும் அதையேதான் நினைத்தேன். மிஸி பதில் சொல்லவில்லை. அடுத்தவருடைய விரலைப் பிடித்துக் கருவியை மாட்டினார். அவருக்கு 88, ஆபத்தான அளவு.

அந்த மேசையில் நடந்த வேலைக்கு மருத்துவத்தில் ட்ரியாஜ் என்று பெயர். பிறகுதான் இதை அறிந்தேன். அன்றே எங்கள் மொழியில் ஒரு சொல்லாக அது அந்தக் கொட்டகையில் எழுதப்பட்டிருந்தால், அந்த மிஸிப் பிள்ளை அவ்வளவு ஏச்சு வாங்கியிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கவும், அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடவும் விரும்பினேன்.

பொருள் எளிது. நோயாளிகள் கூடி, பார்க்கிற கைகள் குறையும்போது, யாருடைய உயிருக்கு உடனடி ஆபத்து, யார் சற்றுப் பொறுக்கலாம் என்று முதலிலேயே கணித்து, அந்த ஒழுங்கில் சிகிச்சை கொடுப்பது. வந்த நேரம் இங்கே கணக்கில்லை, ஆளின் தகுதியும் கணக்கில்லை. பெரும் விபத்துகளில் இதற்கு நிற அட்டைகள் கட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர், மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கக்கூடியவர், பச்சை என்றால் நடந்து திரியக்கூடியவர். கறுப்பு, இறந்தவருக்கு அல்லது இருக்கிற வசதியில் காப்பாற்ற முடியாதவருக்கு.

சொல்லின் முன்பகுதியைப் பார்த்துவிட்டு, மூன்றாகப் பிரிப்பதால் 'ட்ரி' வந்தது என்று சிலர் விளக்குவார்கள். அது பிழை. மூன்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியில் 'ட்ரியே' என்றால் பொறுக்கிப் பிரித்தல், தெரிந்தெடுத்தல். அந்த வினையின் பெயர்ச்சொல்தான் ட்ரியாஜ். ஆங்கிலத்துக்குள் அது நுழைந்தபோது வைத்தியசாலையின் வாடையே அதில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆட்டுமயிரைத் தரவாரியாகப் பிரிப்பதற்கு அந்தச் சொல் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கொட்டைக்குப் போனது. நல்ல கொட்டைகளைப் பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சும் உடைசல் கொட்டைக்கும் ட்ரியாஜ் என்றே பெயர்.

மனிதரிடம் இந்த முறை வந்தது போர்க்களத்தில். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை, பதவியைப் பார்த்து அல்ல என்று ஒழுங்கு வைத்தார். தளபதிக்கு விரல் வெட்டுப்பட்டிருந்து, சாதாரணச் சிப்பாய்க்குக் கால் போயிருந்தால், சிப்பாய்தான் முதல். முறை அவருடையது என்றாலும் ட்ரியாஜ் என்ற பெயர் அதில் ஒட்டிக்கொண்டது முதலாம் உலகப் போரில். பிரெஞ்சுப் படையின் காயக்காரரைப் பிரிக்கும் நிலையங்களை அப்படி அழைத்தார்கள். அங்கிருந்து ஆங்கில மருத்துவத்துக்கும், பின்பு உலகம் முழுவதற்கும் போனது.

வன்னிக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். செயல் தெரியும். 2009இல் முடிந்த போரின் கடைசி மாதங்களில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து, பிறகு புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கிக்கொண்டே போனது. புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடம்தான் வைத்தியசாலை. மரத்தடியிலும் பாயிலும் காயக்காரர் கிடந்தார்கள். மருந்து இல்லை, இரத்தம் இல்லை, கை காணாது. அங்கே நின்ற ஒரு சில மருத்துவர்களும் தாதியரும் தொண்டர்களும் ஒவ்வொரு நாளும் ஆரை முதல் தூக்குவது என்று முடிவெடுத்தார்கள். அப்போது கிளிநொச்சி மாவட்டத்தின் சுகாதாரப் பணிப்பாளராக அந்த நிலத்துக்குள் இருந்தவர் மருத்துவர் த. சத்தியமூர்த்தி. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு கொரோனா வந்தபோது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராக இருந்தவரும் அவரே. பங்கருக்குள் காயம் கட்டிய பலர் பெருந்தொற்றுக் காலத்தில் வடக்கின் விடுதிகளில் பணியில் இருந்தார்கள்.

சரி, கொரோனாவுக்கு வருவோம். வழக்கமான ட்ரியாஜில் ஒரு கேள்விதான் உண்டு: எவ்வளவு அவசரம்? கொரோனா இரண்டாவது கேள்வி ஒன்றைக் கொண்டுவந்தது: இவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுமா? அதற்கு விடை சொல்ல வேண்டியது பிசிஆர் பரிசோதனை. ஆனால் வடக்கில் பிசிஆர் செய்த ஆய்வுகூடங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன, ஒன்று போதனா வைத்தியசாலையில், மற்றது பல்கலைக்கழக மருத்துவபீடத்தில். வன்னி மாவட்டங்களில் எடுத்த மாதிரிகள் பெட்டியில் குளிர் பிடித்து ஏ-9 வீதி வழியே அங்கே போகவேண்டும். முடிவு வரும்வரை நோயாளியை எங்கே வைப்பது? பொது விடுதியில் விட்டால் பக்கத்துக் கட்டிலுக்குப் பரவும். பரவினால் அந்த விடுதியில் வேலை செய்த மிஸிமார், சிற்றூழியர் எல்லோரும் தனிமைப்படுத்தலுக்குப் போவார்கள், அடுத்த வேளைப் பணிக்கு ஆள் இருக்காது. அதனால் பரிசோதனை முடிவுக்கு முன்னமே, கண்ணாலும் கேள்வியாலும் அந்தச் சின்னக் கருவியாலும் ஆட்களைப் பிரிக்க வேண்டி வந்தது. பிறகு விரைவில் முடிவு தரும் அன்டிஜன் பரிசோதனை வந்து இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. தொற்று உறுதியானவர்களைப் பார்க்கக் கிளிநொச்சி கிருஷ்ணபுரத்தில் ஒரு வைத்தியசாலையை ஒதுக்கினார்கள்.

அம்மாவைக் கொண்டுபோன அந்த ஓகஸ்டில் நாடு முழுவதும் ஊரடங்கு. 20ஆம் திகதி இரவு போட்டது, ஒக்ரோபர் 1 அன்றுதான் எடுத்தார்கள். ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்த நாட்கள் அவை. அந்த வெயிலில், அந்த நெகிழித் துணிக்குள், தண்ணீர் குடிக்கக்கூட முகக்கவசத்தைக் கழற்ற முடியாமல் நின்றுகொண்டு, 96ஐ இருத்தி 88ஐ எழுப்புகிற வேலை. உடல் களைப்பு ஒரு பங்கு என்றால், இருத்திவிட்டவர்களின் பார்வை இன்னொரு பங்கு.

ஏன் அப்படிப் பார்த்தோம்? எங்களுக்கு வரிசை தெரியும். கூப்பன் கடையில் நின்றிருக்கிறோம், நிவாரணத்துக்கு நின்றிருக்கிறோம், தண்ணீர்ப் பவுசருக்குக் குடத்தோடு நின்றிருக்கிறோம். அந்த வரிசைகளில் யாராவது முந்தினால் அதற்கு ஒரே காரணம்தான்: செல்வாக்கு. முந்துவதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கலாம் என்பதற்கு எங்கள் வாயில் சொல் இருக்கவில்லை.

இனித் தமிழ்ச் சொல். வயல் ஊர்க்காரனாகிய எனக்கு முதலில் மனதில் வந்தது சுளகு. தமிழில் பிரிப்பதற்கு எத்தனை சொற்கள்! பதரும் உமியும் பறக்கத் தூக்கித் தட்டினால் புடைத்தல். சுளகைச் சரித்து அசைத்து அரிசி வேறு, குறுநொய் வேறாக ஒதுக்கினால் கொழித்தல். தெள்ளுதல், நாவுதல் என்றும் உண்டு. பிரெஞ்சுக்காரரின் சொல் ஆட்டுமயிரிலிருந்து வந்ததுபோல் எங்களுடையது நெல்லிலிருந்து வரட்டுமே என்று ஆசைப்பட்டேன். ஆனால் ஓடாது. சுளகில் பிரிப்பது எறிவதற்கு. வாங்கில் இருத்தப்பட்ட அம்மா பதர் அல்ல.

'தரம் பிரித்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லி எங்கள் பிரதேச சபைகள் பயன்படுத்துகிற சொல் அது. மனிதருக்கு வேண்டாம். 'தெரிவு' என்றால் வாழ ஒருவரைத் தெரிந்தெடுத்ததுபோல் கேட்கும். 'வகைப்படுத்தல்' பிழையில்லை, ஆனால் அதில் அவசரமே இல்லை, நூலகத்தில் புத்தகம் அடுக்குவதற்கும் அதுதான் சொல்.

'நோயாளர் பிரிப்பு' என்பது சுருக்கமாக இருக்கிறது, பொருளும் நெருங்கி வருகிறது. வேறு ஊரில் அது நல்ல சொல்லாகவே இருக்கலாம். வன்னியில் 'பிரிப்பு' பாரமான சொல். 2009இல் போரிலிருந்து வெளியே வந்த சனத்தை ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பிரித்தார்கள். "அங்க வைச்சுத்தான் பிரிச்சவங்கள்" என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் இருக்கிற தாய்மார் இன்றும் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். வைத்தியசாலை வாசலில் அந்தச் சொல்லை எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எல்லோருக்கும் தெரிந்த வரிசையையே பிடித்துக்கொண்டேன். வந்த நேரத்தால் அமைவது வந்த வரிசை. நோயின் கடுமையால் அமைவது நோய்வரிசை. கலைச்சொல் தொகுப்புக்கு இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் 'நோய்நிலை வரிசைப்படுத்தல்' எனலாம். வாய்க்கு நோய்வரிசை போதும். இதில் ஒரு குறை உண்டு, மறைக்கக்கூடாது. போர்க்களத்திலும் பேரிடரிலும் கறுப்பு அட்டை கட்டப்படுகிறவர் வரிசையிலேயே இல்லை. அவரை இந்தச் சொல் சுமக்காது. காயக்காரரைக் கையாளும்போது 'காயவரிசை' என்று மாற்றலாம், அப்போதும் அந்தக் குறை இருக்கும்.

வழக்கில் எப்படி நிற்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "இன்றைக்கு நோய்வரிசை பார்க்கிற மிஸி யார்?" "ஐயா, இது வந்த வரிசை இல்லை, நோய்வரிசை. அவருக்கு மூச்சு முட்டுது, அவர் முதல்." "அம்மாவுக்கு 96 இருந்தது, நோய்வரிசையில் நான்காவதாகத்தான் கூப்பிட்டார்கள்."