ரெஸ்பைட் கேர்: தமிழில் எப்படிச் சொல்வது?

ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் இருக்கும் அம்மாவுக்கு ரெஸ்பைட் கேர் கிடைக்குமா என்று துபாயிலிருந்து மகன் போனில் கேட்டால், ஊரில் இருப்பவர் காதில் அது முதியோர் இல்லம் என்றுதான் விழும். சண்டையும் அங்கேயே தொடங்கிவிடும்.

ஆனால் ரெஸ்பைட் கேர் அது இல்லை. படுக்கையில் இருக்கும் முதியவரை, அல்லது மறதி நோய் வந்தவரை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ கணவரோ சில மணி நேரமோ சில நாளோ விலகி இருப்பதற்காக அந்த நேரத்துக்கு மட்டும் இன்னொருவர் பொறுப்பேற்பதுதான் அது. ஆள் வீட்டுக்கே வரலாம், இல்லையென்றால் பெரியவரைப் பகல்நேர மையத்துக்கோ சில நாள் தங்கும் இடத்துக்கோ கூட்டிப் போகலாம். எப்போது திரும்புவது என்பது முதலிலேயே முடிவாகியிருக்கும். கவனிக்கப்படுவது பெரியவர், ஓய்வு கிடைப்பது அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு.

சொல்லின் மூலம் லத்தீன். 'ரெஸ்பெக்டஸ்' என்றால் திரும்பிப் பார்த்தல், கருத்தில் கொள்ளுதல். மரியாதையைக் குறிக்கும் ரெஸ்பெக்ட்டும் இதே வேர்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கடனுக்கோ தண்டனைக்கோ கொடுக்கும் தவணை என்ற பொருள் இருந்தது, அப்புறம் துன்பத்துக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி என்று விரிந்தது. (பிரிட்டனில் ரெஸ்பைட் என்பார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் ரெஸ்பிட்.) அமெரிக்காவில் 2000-இல் வந்த குடும்பப் பராமரிப்பாளர் ஆதரவுத் திட்டத்தில் இது தனிச் சேவையாகவே இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். 'ஓய்வுப் பராமரிப்பு' என்றால் பென்ஷன் வாங்குபவருக்கானது போலத் தோன்றும். 'மாற்றுப் பராமரிப்பு' என்றால் மாற்று மருத்துவம் மாதிரி வேறு வகை வைத்தியம் என்று நினைப்பார்கள். 'தற்காலிகப் பராமரிப்பு' தவறில்லை, ஆனால் யாருக்காக என்பது அதில் இல்லை.

என் ஓட்டு 'இளைப்பாற்றுப் பராமரிப்பு'க்குத்தான். இளைப்பு என்றால் களைப்பு, ஆறு என்றால் தணி; தானே தணிந்தால் இளைப்பாறுதல், இன்னொருவர் தணித்தால் இளைப்பாற்றுதல். இந்த 'ற்று'வில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் இங்கே ஓய்வு தானாக வருவதில்லை, யாராவது வந்து கொடுத்தால்தான் உண்டு. தங்கச்சிமடம், பாம்பன் தேவாலயங்களில் இளைப்பாறுதல் காதுக்குப் பழகிய சொல். ஒரு சிக்கல், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழில் 'இளைப்பாறிய ஆசிரியர்' என்றால் ஓய்வுபெற்றவர், அதனால் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் சொல்லும்போது கூடவே ஒரு வரி விளக்கம் வேண்டும். பராமரிப்பு வடசொல் வழி வந்தது என்பவர்கள் 'இளைப்பாற்றுப் பேணல்' என்று எழுதலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் மனுவில் எழுதினால் யாருக்கும் புரியாது.

பேச்சில் இதற்கெல்லாம் தேவையே இல்லை. "மாத்திவிட ஆள் இல்லை" என்பதுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் துணைக்கு இருப்பவர்கள் சொல்வது. கணவர் கடலுக்குப் போய், மனைவி பாசி எடுக்கவோ மீன் விற்கவோ போகிற வீட்டில், படுத்திருக்கும் மாமியாரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் அதே பதில்தான். எனவே வாய்ப்பேச்சுக்கு 'மாற்றாள் உதவி' போதும்.

'கொண்டுபோய் விடுவது' என்ற சொல் மட்டும் வேண்டவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்த மாவட்டம் இது. இங்கே ஒருவரை ஓரிடத்தில் விட்டு வருவது என்றாலே வயிற்றைக் கலக்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஆள் வீட்டுக்கு வரும் வகையை முதலில் பேச வேண்டும் என்கிறேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் (பாலியேட்டிவ் கேர்) வீடு தேடி வருகின்றன. பெரிய உதவிதான், ஆனால் வந்தவர் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார், மருமகள் வெளியே போக முடியாது. அதை ரெஸ்பைட் என்று சொல்லக் கூடாது. நோய்த்தணிப்பு நோயாளியின் வலிக்கானது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பத்திரிகைகளில் நடக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567-ஐ அழைப்பவர்களும் 'ஹோம் இருக்கா' என்று கேட்காமல், 'இத்தனை நாளைக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அப்புறம் நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று கேளுங்கள்.